ஆளில்லாத நேரத்தில் போகும் கோப்பு: விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் சித்தப்பாவின் கணக்கு அலுவலகம் இருக்கிறது. மூன்று விண்டோஸ் கணினிகள், ஒரு பிரிண்டர், மாதம் முழுக்க ஜிஎஸ்டி வேலை. நான் இருப்பது புதுச்சேரி லாஸ்பேட்டையில். என் வீட்டில் ஒரு பழைய டெஸ்க்டாப்பில், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளம் (அதன் டெபியன் வகை) ஓடுகிறது. அலுவலகத்துக் கணக்கின் நகல் ஒன்று தினமும் அந்த லினக்ஸ் கணினிக்கு வந்து சேர வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு.

ஆரம்பத்தில் அது பென்டிரைவில் வந்தது. கணக்கு பார்க்கும் அக்கா சாயங்காலம் காப்பி எடுத்துக் கொடுப்பார். சித்தப்பா அதை ஒரு கவரில் போட்டு ஒட்டி, புதுச்சேரி பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு, பஸ் நம்பரை போனில் சொல்வார். ஆல்பேட்டை, கன்னியகோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் தாண்டி பஸ் வந்து சேரும்போது நான் பஸ் ஸ்டாண்டில் நிற்க வேண்டும்.

பஸ்ஸில் பார்சல் அனுப்பும்போது வழி நெடுக யாராவது ஒருவர் இருக்கிறார். "யாருக்குப்பா இது?" என்று கண்டக்டர் கேட்டால் சித்தப்பா பதில் சொல்வார். "கடலூர்ல யாரு குடுத்தாங்க?" என்று கேட்டால் நான் சொல்வேன். கவர் வரவில்லை என்றால் போன் போடுவேன். இதே வேலையை ராத்திரி பத்தரை மணிக்கு, அலுவலகம் பூட்டிய பிறகு, இரண்டு கணினிகளும் தாங்களே செய்ய வேண்டும் என்றால் அந்தக் கேள்விகள் எங்கும் போய்விடுவதில்லை. கணினிகளும் அதே கேள்விகளைக் கேட்கும், பதில் சொல்லத்தான் ஆள் இருக்காது. அதனால் தானியங்கி ஏற்பாட்டில் பெரும்பகுதி வேலை, வரப்போகும் கேள்விகள் என்னென்ன என்று யோசித்து ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே பதில் வைத்துவிடுவதுதான். புதிதாகத் தொடங்குகிறவர்கள் தடுமாறுவதும் அங்கேதான். கட்டளை எழுதுவது ஒரு மணி நேரத்தில் பழகிவிடும்.

முதலில் இரண்டு கணினிகளும் எந்த வழியில் பேசிக்கொள்கின்றன என்று பார்ப்போம். அதற்குப் பெயர் எஸ்எஸ்ஹெச், நடுவில் யாரும் ஒட்டுக்கேட்டுப் புரிந்துகொள்ள முடியாதபடி இரண்டு கணினிகள் பேசிக்கொள்ளும் முறை. பின்லாந்தில், ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருந்த டாட்டு இலோனென் 1995இல் எழுதியது. அங்கே நெட்வொர்க்கில் போய்வந்த பாஸ்வேர்டுகளை யாரோ ஒட்டுக்கேட்டுத் திருடிவிட்டார்கள். அதற்கு மாற்றாகத்தான் அவர் இதை உருவாக்கினார். அந்தக் காலத்தில் தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய டெல்நெட், கோப்பு அனுப்ப எஃப்டிபி. இரண்டுமே பாஸ்வேர்டை அப்படியே திறந்த கடுதாசி மாதிரி அனுப்பும். கணினிக்குள் ஒவ்வொரு சேவையும் நுழைய ஒரு வாசல் எண் (போர்ட்) உண்டு. எஃப்டிபிக்கு 21ஆம் வாசல், டெல்நெட்டுக்கு 23. நடுவில் காலியாக இருந்த 22ஐ இலோனென் கேட்டு வாங்கினார். இன்றைக்கும் எஸ்எஸ்ஹெச்சுக்கு அதுதான் வாசல் எண். நாம் இப்போது பயன்படுத்துவது பெரும்பாலும் ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தை உருவாக்கும் குழு 1999இல் வெளியிட்ட ஓபன்எஸ்எஸ்ஹெச்.

விண்டோஸில் இந்த வசதி நெடுநாள் இல்லை. சைமன் டாட்டம் எழுதிய புட்டியும் அதன் கூடவே வரும் பிளிங்க், பிஎஸ்சிபி என்ற சிறு நிரல்களும்தான் கைகொடுத்தன. மவுஸால் இழுத்துப் போட வின்எஸ்சிபி இருந்தது. 2018லிருந்து விண்டோஸ் 10இலேயே ஓபன்எஸ்எஸ்ஹெச் சேர்ந்து வருகிறது. கட்டளை அடிக்கும் திரையான கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து ஆங்கிலத்தில் எஸ்எஸ்ஹெச் என்று அடித்துப் பாருங்கள். பதில் வந்தால் வேறு எதையும் நிறுவ வேண்டியதில்லை. புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் இதையே சொல்வேன், ஏனென்றால் விண்டோஸ் பக்கம் கற்ற கட்டளை மாறாமல் லினக்ஸ் பக்கமும் வேலை செய்யும்.

கோப்பு அனுப்பும் கட்டளைக்கு எஸ்சிபி என்று பெயர். அதன் அமைப்பு இதுதான்: முதலில் எஸ்சிபி, பிறகு ஓர் இடைவெளி விட்டு அனுப்ப வேண்டிய கோப்பு, மறுபடி ஓர் இடைவெளி விட்டுச் சேர வேண்டிய முகவரி. முகவரியில் பயனர் பெயர், @ குறி, எதிர்முனைக் கணினியின் பெயர், : குறி, அங்கே வைக்க வேண்டிய ஃபோல்டர், இவை இடைவெளி இல்லாமல் ஒட்டி வரும். அந்த : குறியை மறந்துவிட்டால் எஸ்சிபி திட்டாது. அனுப்பவும் அனுப்பாது. முகவரியையே பெயராக வைத்து, அதே விண்டோஸ் கணினியில் ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று சொல்லிவிடும். ஃபோல்டரில் @ குறியோடு ஒரு புதுக் கோப்பு தெரிந்தால் காரணம் இதுதான்.

தொலைவிலுள்ள கணினியில் ஒரு கட்டளையை ஓட்ட இன்னும் எளிது. எஸ்எஸ்ஹெச், பயனர் @ கணினி, அதற்குப் பின்னால் அங்கே நடக்க வேண்டிய கட்டளை. கடலூரில் எண்டர் தட்டினால் லாஸ்பேட்டையில் நடக்கும், அதன் பதில் கடலூர்த் திரையில் வரும்.

பழகும்போது ஒரே அறையில், ஒரே வைஃபையில் இருக்கும் இரண்டு கணினிகளை வைத்துப் பழகுங்கள். வீட்டு இணைய இணைப்பு பலவற்றில் வெளியிலிருந்து நேராக உள்ளே வர வழி இருக்காது. இரண்டு ஊருக்கும் நடுவே வயர்கார்டு மாதிரி ஒரு விபிஎன் (இணையத்துக்குள்ளேயே நமக்கென்று ஒரு தனி வழி) போட்டுக்கொண்டால் இரண்டும் ஒரே வீட்டில் இருப்பது போல ஆகிவிடும். நாங்களும் அப்படித்தான் வைத்திருக்கிறோம். அது தனிக் கதை.

நீ யார்?

இது லினக்ஸ் கணினி கேட்கும் முதல் கேள்வி. நாம் கையால் செய்யும்போது பாஸ்வேர்டு அடிக்கிறோம். ஆளில்லாத நேரத்தில் யார் அடிப்பது? பலரும் பாஸ்வேர்டை ஸ்கிரிப்டிலேயே, அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதி வைக்கும் கோப்பிலேயே, எழுதி வைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தக் கணினியில் உட்காருகிற எவரும் நோட்பேடில் திறந்து படித்துவிடலாம், ஸ்கிரிப்டை இன்னொருவருக்கு அனுப்பினால் பாஸ்வேர்டும் கூடவே போகும்.

இதற்குச் சரியான வழி சாவி ஜோடி. எஸ்எஸ்ஹெச்-கீஜென் என்ற கட்டளை இரண்டு சிறு கோப்புகளை உருவாக்கும். ஒன்று ரகசியம், அது விண்டோஸ் கணினியை விட்டு வெளியே போகவே கூடாது. இன்னொன்றின் பெயர் முடிவில் .பப் என்று இருக்கும், அதை யாருக்கும் கொடுக்கலாம். இரண்டையும் சாவி என்றே சொல்வதால்தான் குழப்பம். பொதுச்சாவியைப் பூட்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள், எல்லாம் விளங்கும். பூட்டை எத்தனை கதவில் வேண்டுமானாலும் மாட்டலாம், திறக்கும் சாவி உங்கள் இடுப்பில்தான்.

அந்தப் பூட்டை மாட்டும் இடம், லினக்ஸில் பயனரின் வீட்டு ஃபோல்டருக்குள் .எஸ்எஸ்ஹெச் என்ற ஃபோல்டர், அதற்குள் ஆத்தரைஸ்டு_கீஸ் என்ற கோப்பு. ஃபோல்டருக்கு அனுமதி எண் 700, கோப்புக்கு 600, இரண்டுக்கும் பொருள் உரிமையாளர் மட்டும் தொடலாம் என்பது. மற்றவர்களும் எழுதும்படி அனுமதி தளர்ந்திருந்தால் லினக்ஸ் அந்தப் பூட்டை நம்பாது. ஏன் என்று நம்மிடம் விளக்கமும் சொல்லாது, பேசாமல் பாஸ்வேர்டு கேட்கத் தொடங்கிவிடும். "எல்லாம் சரியாத்தான் செஞ்சேன், இன்னும் பாஸ்வேர்டு கேக்குது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இந்த எண்களைத்தான். விண்டோஸ் பக்கமும் இதே கண்டிப்பு உண்டு. ரகசியச் சாவியை மற்ற பயனர்களும் படிக்க முடிகிற நிலையில் வைத்திருந்தால் எஸ்எஸ்ஹெச் அதைத் தொடாது.

ஆளில்லாமல் ஓட வேண்டும் என்பதால் இந்தச் சாவிக்குக் கடவுச்சொல் போட முடியாது. அப்படியானால் சாவியைத் திருடினவன் உள்ளே வந்துவிடுவானே? வரட்டும், ஆனால் வந்து ஒன்றும் செய்ய முடியாதபடி கட்டிவைக்கலாம். இந்த வேலைக்கென்று லினக்ஸில் தனியாக ஒரு பயனரை உருவாக்குங்கள். ஆத்தரைஸ்டு_கீஸ் கோப்பில் சாவிக்கு முன்னால், இந்தச் சாவியோடு வருகிறவர் இந்த ஒரு கட்டளையை மட்டும்தான் ஓட்டலாம் என்று எழுதி வைக்க வசதி உண்டு. கோப்பு போட ஒரு சாவி, கட்டளை ஓட்ட ஒரு சாவி என்று பிரித்தும் வைக்கலாம். இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

நீ யார் என்று நானும் கேட்க வேண்டுமே?

விண்டோஸும் எதிர்முனையைப் பார்த்துக் கேட்கிறது: நான் தேடி வந்த லினக்ஸ் கணினி நீதானா, நடுவில் வேறு யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா? முதல்முறை இணையும்போது அந்தக் கணினியின் கைரேகை என்று ஒரு நீளமான எழுத்து வரிசையைக் காட்டி, சரியா என்று கேட்பது இதற்காகத்தான். நாம் யெஸ் என்று அடித்ததும் அதைக் குறித்து வைத்துக்கொள்ளும், மறுமுறை கேட்காது.

என்னை மூன்று நாள் அலைய வைத்தது இந்தக் கேள்வி. அப்போது நான் பிளிங்க் பயன்படுத்திக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை மஞ்சக்குப்பத்தில் உட்கார்ந்து கையால் ஓட்டிப் பார்த்தேன், அருமையாக ஓடியது. குறித்த நேரத்தில் வேலையைத் தானே தொடங்கும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் ராத்திரி பத்தரைக்கு வேலையைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். ஞாயிறு காலை கோப்பு வரவில்லை. திங்களும் இல்லை. செவ்வாய்க்கிழமை அக்காவுக்கு போன் செய்தேன். "தம்பி, இங்க ரன்னிங்னுதான் காட்டுது, எர்ரர் ஒண்ணும் வரலையே" என்றார். உண்மைதான், ஓடிக்கொண்டுதான் இருந்தது. சனிக்கிழமை நான் ஓட்டியது என் பயனர் கணக்கில், டாஸ்க் ஷெட்யூலருக்குக் கொடுத்திருந்ததோ வேறு கணக்கு. அந்தக் கணக்குக்கு லினக்ஸ் கணினியை முன்பின் தெரியாது. அதனால் பிளிங்க், யாரும் பார்க்க முடியாத ஒரு திரையில், இந்தக் கைரேகையை நம்பலாமா என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காகச் சனிக்கிழமை இரவிலிருந்து காத்துக்கொண்டிருந்தது. பழைய வேலை முடியாததால் மறுநாள் வேலையை ஷெட்யூலர் தொடங்கவே இல்லை.

இதில் இரண்டு தீர்வுகள் இருக்கின்றன, இரண்டையும் செய்ய வேண்டும். எந்தக் கணக்கில் வேலை ஓடப்போகிறதோ அந்தக் கணக்கிலேயே நுழைந்து, ஒருமுறை கையால் இணைந்து, லினக்ஸ் கணினியில் தெரியும் கைரேகையோடு ஒப்பிட்டுப் பார்த்து யெஸ் சொல்லுங்கள். அப்புறம், கேள்வி கேட்க வேண்டி வந்தால் காத்திருக்காமல் தோற்றுவிடு என்று கட்டளையிலேயே சொல்லிவிடுங்கள். ஓபன்எஸ்எஸ்ஹெச்சில் அதற்கு பேட்ச்மோட் என்ற விருப்பம் இருக்கிறது, பிளிங்கில் -பேட்ச். கைரேகையைப் பார்க்கவே வேண்டாம் என்று அந்தச் சோதனையை அணைத்துவிடும் வழியும் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். அதை எடுக்காதீர்கள். வாட்ச்மேனை அனுப்பிவிட்டு கேட்டைத் திறந்து வைப்பதற்குச் சமம் அது.

கோப்பு போன பிறகு

கோப்பு போய்ச் சேர்ந்ததா என்பதைவிட முழுதாகப் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் முக்கியம். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் கரன்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பாதி போகும்போது இணைப்பு அறுந்தால், லினக்ஸ் பக்கம் அரைகுறைக் கோப்பு ஒன்று சரியான பெயரோடு உட்கார்ந்திருக்கும். காலையில் பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. இதற்கு ஒரு பழைய, நம்பகமான வழி உண்டு. கோப்பை முதலில் .பார்ட் என்று முடியும் தற்காலிகப் பெயரில் அனுப்புங்கள். முழுதும் போனது உறுதியான பிறகு, எஸ்எஸ்ஹெச் வழியே ஒரு கட்டளை அனுப்பி உண்மைப் பெயருக்கு மாற்றுங்கள். .பார்ட் என்று எது மிச்சமிருந்தாலும் அது அரைகுறை என்று பார்த்ததும் தெரிந்துவிடும்.

முழுதும் போனதா என்று எப்படி உறுதி செய்வது? எஸ்ஹெச்ஏ-256 என்ற கணக்கீடு ஒரு கோப்பு முழுவதையும் படித்து 64 எழுத்து நீளமுள்ள ஓர் அடையாளம் தரும். விண்டோஸில் செர்ட்யூடில், லினக்ஸில் எஸ்ஹெச்ஏ256சம். இரு பக்கமும் அடையாளம் ஒன்றாக இருந்தால் கோப்பும் ஒன்றுதான்.

இதையெல்லாம் ஒரே நீளக் கட்டளையாக விண்டோஸிலிருந்து அனுப்பப் பார்த்தால் மேற்கோள் குறிகளில் மாட்டிக்கொள்வீர்கள். நீங்கள் எழுதுவதை முதலில் விண்டோஸ் படித்துத் தனக்குத் தெரிந்த குறிகளை எடுத்துக்கொள்கிறது, மிச்சத்தை லினக்ஸ் மறுபடி படிக்கிறது. ஒற்றை மேற்கோள் லினக்ஸுக்குப் புரியும், கமாண்ட் ப்ராம்ப்டுக்கு அது வெறும் எழுத்து. நடக்க வேண்டிய வேலைகளை லினக்ஸ் பக்கமே ஒரு ஸ்கிரிப்டாக எழுதி வைத்துவிட்டு, கடலூரிலிருந்து அதன் பெயரை மட்டும் சொல்லி அழையுங்கள். பாதித் தலைவலி அதோடு போய்விடும்.

அந்த ஸ்கிரிப்டை விண்டோஸ் நோட்பேடில் எழுதி அனுப்பினால் இன்னொரு வேடிக்கை காத்திருக்கிறது. திறந்து பார்த்தால் எழுத்து மாறாமல் இருக்கும், ஆனால் லினக்ஸ் ஓட்ட மறுத்து, பிழைச் செய்தியில் ^ குறியோடு ஓர் எம் எழுத்தைக் காட்டும். பழைய டைப்ரைட்டரை நினைத்துப் பாருங்கள். வரி முடிந்தால் அடுத்த வரியின் தொடக்கத்துக்கு வர வண்டியைத் தள்ள வேண்டும், தாளையும் ஒரு வரி மேலே ஏற்ற வேண்டும். விண்டோஸ் ஒவ்வொரு வரி முடிவிலும் இந்த இரண்டையும் இரண்டு குறிகளாக எழுதுகிறது. லினக்ஸுக்குத் தாள் ஏற்றும் குறி ஒன்றே போதும். மிச்சமிருக்கும் வண்டி தள்ளும் குறியைக் கட்டளையின் ஒரு பகுதி என்று நினைத்துக்கொள்கிறது. டாஸ்2யூனிக்ஸ் என்ற சிறு நிரல் அதை நீக்கிவிடும்.

பெயர்களிலும் கவனம் வேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை விண்டோஸ் பொருட்படுத்தாது, லினக்ஸுக்கு இரண்டும் இரண்டு கோப்பு. கோப்பின் பெயரில் தேதி போடுவதாக இருந்தால் 2025-01-31 மாதிரி ஆண்டை முன்னால் வையுங்கள், தானாகவே வரிசையாக நிற்கும். விண்டோஸ் தரும் தேதி அந்தக் கணினியின் வட்டார அமைப்பைப் பொறுத்து மாறும், சிலவற்றில் / குறியோடு வரும். அது கோப்பின் பெயரில் இருக்கவே முடியாது. விண்டோஸின் இன்னொரு கட்டளைத் திரையான பவர்ஷெல்லின் கெட்-டேட் கட்டளையில் வடிவத்தை நாமே சொல்லி வாங்கிக்கொள்வது பாதுகாப்பு.

சரி, எல்லாம் தயார். விண்டோஸில் நேரம் வைத்து ஓட்டுவது டாஸ்க் ஷெட்யூலர், லினக்ஸில் கிரான். இரண்டுக்கும் ஒரே எச்சரிக்கை: நீங்கள் உட்கார்ந்து ஓட்டும்போது இருக்கும் சூழல் அங்கே இருக்காது. நெட்வொர்க் வழியே இசட் டிரைவ் என்று நீங்கள் இணைத்து வைத்திருப்பது ஆளில்லாத வேலைக்குத் தெரியாமல் போகும். அதனால் நிரல், சாவி, கோப்பு எதுவானாலும் முழு முகவரியோடு எழுதுங்கள். கணினி தூங்கப் போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுச் செல்லும். 0 என்றால் வெற்றி, வேறு எது வந்தாலும் ஏதோ கோளாறு. எஸ்எஸ்ஹெச் இதில் நேர்மையானது. தொலைவில் ஓடிய கட்டளையின் எண்ணையே கொண்டுவந்து கொடுக்கும், இணைப்பிலேயே சிக்கல் என்றால் 255. ஒவ்வொரு படிக்குப் பிறகும் அந்த எண்ணைப் பார்த்து, 0 இல்லை என்றால் அங்கேயே நிறுத்தி, நடந்ததைக் குறித்து வைக்கும் ஒரு லாக் கோப்பில் நேரத்தோடு எழுதச் சொல்லுங்கள். கோப்பு போகாத அன்றைக்கே கடலூரில் மூலக் கோப்பை அழித்துவிடும் ஸ்கிரிப்டுகளை நான் பார்த்திருக்கிறேன்.

திசையை மாற்றி, லினக்ஸே விண்டோஸுக்குள் போய்க் கோப்பை எடுத்து வரவும் முடியும். அதற்கு, வெளியிலிருந்து வருகிறவரை உள்ளே விடும் ஓபன்எஸ்எஸ்ஹெச் சர்வரை விண்டோஸில் தனியாகச் சேர்க்க வேண்டும். உள்ளே போனால் வரவேற்பது கமாண்ட் ப்ராம்ப்ட், லினக்ஸ் கட்டளைகள் அங்கே எடுபடாது. பயனர் அட்மினிஸ்ட்ரேட்டராக இருந்தால் பூட்டு மாட்டும் இடமும் வேறு, புரோகிராம்டேட்டா என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் தனிக் கோப்பு. அது தெரியாமல் வீட்டு ஃபோல்டரில் எழுதிவிட்டு மணிக்கணக்கில் தேடுவார்கள்.

எந்தத் திசையானாலும் ஒன்று செய்யுங்கள். வந்து சேர்ந்த கோப்பை லினக்ஸ் தானாகவே, கடலூர்ச் சாவியால் தொட முடியாத இன்னொரு ஃபோல்டருக்கு நகலெடுக்கட்டும். அலுவலகக் கணினியில் வைரஸ் புகுந்தால் அதே சாவியைப் பிடித்துக்கொண்டு இங்கேயும் வந்துவிடும்.

எங்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே வந்தது, அடுத்த நாட்களில் கடலூர்ப் பக்கம் தென்பெண்ணை வெள்ளம். இரண்டு ஊருக்கும் இடையே 25 கிலோமீட்டர்கூட இல்லை, ஒரே புயல் இரண்டையும் அடிக்கும். அதனால் லாஸ்பேட்டையிலிருந்து மூன்றாவது நகல் சேலத்தில் என் அக்கா வீட்டுக் கணினிக்குப் போகிறது. அங்கேயும் லினக்ஸ் என்பதால் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரலைப் பயன்படுத்துகிறேன். ஆண்ட்ரூ ட்ரிட்ஜெலும் பால் மெக்கரசும் 1996இல் வெளியிட்டது. நேற்றிலிருந்து மாறிய பகுதியை மட்டும் அனுப்பும். ஜிப் செய்த கோப்பில் சின்ன மாற்றம் நடந்தாலும் அதற்குப் பிறகு வருவதெல்லாம் மாறிப்போகும், அதனால் அங்கே அந்தச் சிக்கனம் கிடைக்காது. ஆர்சிங்க் வழியில் போகும் கோப்புகளை நான் ஜிப் செய்வதில்லை.

ஏற்பாடு முடிந்த அன்று சித்தப்பா அலுவலகத்தில் ஒரு சோதனை செய்தேன். கோப்பு போய்க்கொண்டிருக்கும்போதே நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினேன். லாகில் 255 என்று விழுந்தது, ஸ்கிரிப்ட் நின்றது, லாஸ்பேட்டையில் .பார்ட் கோப்பு மட்டும் கிடந்தது, கடலூர் மூலக் கோப்பு அப்படியே இருந்தது. கேபிளைச் செருகி மறுபடி ஓட்டினேன். கணக்கு பார்க்கும் அக்கா எட்டிப் பார்த்து, "வந்துடுச்சா தம்பி?" என்று கேட்டார். வந்த கோப்பை லினக்ஸிலிருந்து திரும்ப எடுத்து, அவர் முன்னாலேயே ஓரமாக இருந்த மூன்றாவது கணினியில் திறந்தோம். அன்று மத்தியானம் அவர் போட்ட கடைசி வவுச்சர் அதில் இருந்தது.